தெற்கு பார்த்து ஒரு அர்க்கியம்

காசி
8.9.2025

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி ஆற்றுக்கு நடந்து போகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

நேற்று விடியலில் அகத்தியருக்கு அர்க்கியம் விட்டேன். அதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பீகாரில் மிதிலைப் பக்கத்துத் தர்பங்காக்காரர் என்று முன்பே எழுதியிருக்கிறேன். நமக்கு ஆவணிப் பௌர்ணமி, அவர்களுக்குப் பாதோ பூர்ணிமா. அன்றைக்கு அகத்தியருக்கு நீர் வார்ப்பது மிதிலை வழக்கம். மறுநாள் பித்ரு பட்சம் தொடங்குகிறது. முன்னோருக்குத் தருவதற்கு முன்னால் இவருக்குத் தந்துவிட வேண்டுமாம். "நீங்கள் அகத்தியர் ஊர்க்காரர், வராமல் இருக்கலாமா?" என்று முந்தின நாளே கூப்பிட்டுவிட்டார். ராத்திரி சந்திர கிரகணம் வேறு, காசியே கூட்டமாக இருந்தது. ஆனாலும் விடியலில் கேதார் காட் படித்துறையில் இடம் கிடைத்தது.

வெள்ளம் இன்னும் வடியவில்லை. கீழ்ப்படிகள் தண்ணீருக்குள்ளேயே கிடக்கின்றன. ஒரே கலங்கல். பெரியவர் சங்கில் நீர் மொண்டு, அட்சதையும் ஒரு கொட்டைப்பாக்கும் போட்டு, மேலே நாணல் பூ வைத்தார். பக்கத்தில் தட்டில் ஒரு வெள்ளரிக்காய். நம் ஆற்றங்கரையில் நாம் ஒடித்து வாள் சண்டை போட்ட அதே நாணல்தான்! நனைந்ததும் அந்த வெள்ளைப் பூ நூல் நூலாகச் சங்கின் வாயில் ஒட்டிக்கொண்டது. நீரெல்லாம் வழிந்த பிறகு கடைசியாகத்தான் ஆற்றில் விழுந்தது. மந்திரமும் அதையே சொல்கிறது: நாணல் பூப் போன்ற நிறத்தவரே, மித்ர வருணர் மைந்தரே, குடத்தில் பிறந்தவரே, உமக்கு வணக்கம்.

நான் பழக்கத்தில் கிழக்கே பார்த்து நின்றேன். அவர் என் தோளைப் பிடித்துத் தெற்கே திருப்பிவிட்டார். எதிர்க்கரை ராமநகர்ப் பக்கம் மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. அங்கே, கரைக்கு மேலே தாழ்வாக, அகத்திய நட்சத்திரம். இங்கே அது உச்சத்துக்குப் போனாலும் 12 பாகைதான் ஏறும். நம் ஊரில் 28 பாகைக்கு மேல் ஏறுமே. மலை மறைக்காத இடத்தில் நின்றிருந்தால் ஆடியிலேயே விடியலில் உன் கண்ணுக்குப் பட்டிருக்கும். சில மாதம் மறைந்திருந்து அது மறுபடி தோன்றும் நாள் ஊருக்கு ஊர் மாறும் என்று பழைய வானநூலார் வராகமிகிரரே எழுதியிருக்கிறார்.

அவர் மனைவி லோபாமுத்திரைக்கும் தனியாக ஒரு அர்க்கியம் விட்டோம். பிறகு படியில் உட்கார்ந்தபோது பெரியவர், "அவர் அங்கே சௌக்கியமாக இருக்கிறாரா?" என்று கேட்டார். தூர தேசத்தில் இருக்கும் அண்ணனை விசாரிப்பது போல. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. விந்தியத்தை அடக்கக் காசியை விட்டு மனமில்லாமல் கிளம்பியவர் என்று காசி காண்டம் சொல்கிறது. 'நான் திரும்பும்வரை இப்படியே பணிந்திரு' என்று மலையிடம் சொல்லிவிட்டு வந்தவர் திரும்பவே இல்லை. நாம் அவரை வந்தவராக மட்டுமே அறிவோம் சங்கரா. பொதிகை, தமிழ், தாமிரபரணி என்று எல்லாம் நம்மிடம் அவர் வந்த கதைகள்தான். அவரை அனுப்பிவைத்த வீடு ஒன்று இங்கே இருப்பதை நான் நினைத்ததே இல்லை. நான் வடக்கே ரயிலேறிய அன்று விளையாட்டாக 'அகஸ்திய யாத்திரை' என்று சொன்னதற்கு உன் அம்மா என் வாயில் அடித்தாள், நினைவிருக்கிறதா?

"சௌக்கியம்தான்" என்றேன். பாபநாசத்தில் சித்திரை விசுவன்று அவருக்கும் லோபாமுத்திரைக்கும் சிவன் திருமணக் காட்சி கொடுப்பதைச் சொன்னேன். "அங்கே தண்ணீர் தெளிவாக இருக்குமா?" என்று கேட்டார். அகத்தியர் உதித்தால் நீர் தெளியும் என்று ரகுவம்சத்தில் காளிதாசன் பாடியிருக்கிறானாம். அவரை நம்பிக் கலங்கல் கங்கையைத் தினமும் போய்ப் பார்க்கப்போகிறேன்.

அடுத்த விசுவுக்குப் பெரியவரை அழைத்துக்கொண்டு வருகிறேன். 80 வயது, கல்யாண தீர்த்தம்வரை ஏற முடியாது. கோயில் முன் படித்துறையில் குளித்தால் போதும் என்கிறார். பக்கத்திலேயே, மாடி ஏற வேண்டாத இடமாகப் பார்த்துவை. அவருக்குச் சப்பாத்தி வேண்டும், அதையும் மதினியிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் ராமு