வளைவில் ஓடுகிற பிள்ளைகள்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை நேற்றிரவு இரண்டு தரம் கேட்டேன். அம்மா காலையிலும் ஒரு தரம் போட்டுக் கேட்டா. பக்கத்துத் தீவுகளோடு நடந்த போட்டியில், மாலைதீவில் நீ ஓடவைக்கிற பிள்ளைகள் எல்லாவற்றிலும் கடைசி. 200 மீட்டர் ஓடிய சிறுமி வளைவில் கோட்டைத் தாண்டி வெளியே போய், அங்கேயே அழுதுகொண்டு நின்றாள். "இந்தச் சின்னத் தீவுப் பிள்ளைகளை ஓடவைத்து என்ன காணப்போகிறோம், அப்பா?" என்று கேட்டாயே, அது மனதை விட்டுப் போகவில்லை.

2006 ஓகஸ்ட் உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு அப்போது பத்து வயது. 18ஆம் திகதி முதல் 28 வரை கொழும்பில் தெற்காசிய விளையாட்டு விழா. அது தொடங்குவதற்கு ஒரு கிழமைக்கு முன்னர்தான் சண்டை மூண்டு, யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை மூடப்பட்டது. கொழும்பில் குண்டு வெடித்து, தென்னாபிரிக்கக் கிரிக்கெட் அணி ஒருநாள் தொடரை விளையாடாமலே திரும்பிப் போனதும் அந்த நாட்களில்தான். யார் வரப்போகிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எட்டு நாட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். ஆப்கானிஸ்தானில் இருந்துகூட வந்தார்கள்.

தடை தாண்டல் ஓட்டத்துக்குத் தடைகளை எடுத்துவைக்கும் வேலை எனக்கு. கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து சுகததாச மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆனாலும் போய்ச் சேருவதற்குள் மூன்று இடத்தில் அடையாள அட்டையை நீட்ட வேண்டும். அதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்படி நடுங்கிக்கொண்டு போன ஒருவன், உள்ளே கால் வைத்ததும் எல்லாவற்றையும் மறந்தேன். கராச்சிப் பையனும் டாக்காப் பையனும் ஒரே வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு நின்றார்கள்.

ஒரு நாள் பின்னேரம் பயிற்சி நேரம். மாலைதீவுச் சட்டை போட்ட ஒரு மெலிந்த பையன் வளைவின் தொடக்கத்தில் குந்தியிருந்து, சிவப்புத் தளத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதும் விழுந்துவிட்டதோ என்று கிட்டப் போனேன். அரைகுறைச் சிங்களத்தில் சொன்னான்: "எங்கள் தீவில் கடற்கரை மட்டும்தான். நேராகத்தான் ஓடுவோம். இவ்வளவு பெரிய வளைவை இங்கேதான் பார்க்கிறேன்." உன் குரல் பதிவைக் கேட்டபோது அவன் முகம்தான் வந்தது. அந்தச் சிறுமிக்கு வேகம் இல்லை என்று நினைக்காதே, மகள். அவளுக்கு வளைவைப் பழக்க ஆள் இல்லை.

400 மீட்டர் மைதானத்தில் வளைவின் ஆரை 36.5 மீட்டர், நேர்ப்பாதை 84.39. அப்படியானால் 200 மீட்டரில் பாதிக்கு மேல் வளைவுதான். தீவில் பந்து விளையாடும் மணல் திடல் இருக்கிறது என்றாய் அல்லவா? நடுவில் ஒரு முளை அடி. 36.5 மீட்டர்க் கயிற்றை அதில் கட்டி, மறுமுனையில் தடியைப் பிடித்துக்கொண்டு அரை வட்டம் போடு. அப்புறம் 1.22 மீட்டர் கூட்டி இன்னொரு கோடு, அதுதான் ஒரு பாதையின் அகலம். திடல் அகலம் போதாவிட்டால் கால் வட்டம் போட்டாலும் பழகலாம். முதலில் வேகமாக ஓடவிடாதே. உடம்பை இடுப்பில் மடிக்காமல், கணுக்காலில் இருந்தே உள்பக்கம் சாய்க்கச் சொல். வலது கை கொஞ்சம் அகலமாக வீசட்டும். கண் காலடியில் இருக்கக் கூடாது, பத்து மீட்டர் முன்னால் இருக்கவேண்டும். இரண்டு கிழமையில் வித்தியாசம் தெரியும்.

சின்னத் தீவு என்றாய். இதே தெற்காசிய விழாவில், 2016இல் குவாஹாட்டியிலும் 2019இல் காத்மண்டுவிலும் ஆண்களுக்கான 100 மீட்டரில் தங்கம் எடுத்தது நம்முடைய இலங்கைப் பையன் ஹிமாஷ ஏஷான். இந்தியாவோடு பார்த்தால் நாமும் சின்னத் தீவுதானே? உன் பிள்ளைகளுக்கு ஒலிம்பிக் தூரம். ஆனால் 1984இல் காத்மண்டுவில் முதல் விழா நடந்தபோதே அந்த ஏழு நாடுகளில் மாலைதீவும் ஒன்று. அந்தக் கோட்டில் நிற்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அதை நீ அவர்களுக்குச் சொல்லவேண்டும், நீ சொல்லாவிட்டால் அங்கே வேறு யார் சொல்வார்கள்?

அடுத்த கிழமை மாலேக்கு வருகிற உன் சிநேகிதியிடம் என் பழைய ஐம்பது மீட்டர் அளவுநாடாவைக் கொடுத்துவிடுகிறேன். முனை கொஞ்சம் தேய்ந்திருக்கும், ஆகையால் பூச்சியத்தில் பிடிக்காமல் ஒரு மீட்டரில் பிடித்து அள, பிறகு அந்த ஒரு மீட்டரைக் கழித்துவிடு. அம்மா மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கட்டிவைத்திருக்கிறா. கோடு போட்டதும் அந்தச் சிறுமி வளைவில் ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பு. முன்னால் நின்று எடுக்காதே. பின்னால் நின்று எடுத்தால்தான் சாய்வு தெரியும்.

அன்புடன்,
அப்பா