அலைன்மென்ட் வாரண்டியில் வருமா? அளவுத் தாளைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

"ஏனுங்க, வண்டி எடுத்து எட்டு மாசங்கூட ஆகல, அலைன்மென்ட்டை வாரண்டியில பண்ணித் தர மாட்டீங்களா?" கோவை, திருப்பூர், ஈரோடு என்று எந்த ஊர் கார் சர்வீஸ் சென்டரிலும் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. "அது வராதுங்க" என்று அட்வைசர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். அந்தப் பதில் பெரும்பாலும் சரி. ஆனால் எல்லா நேரமும் சரியில்லை.

வாரண்டி என்பது உற்பத்தியில் வந்த குறைக்கானது. அலைன்மென்ட்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது) பேலன்சிங்கும் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்செய்வது) ஆயில் மாற்றுவதைப் போலப் பராமரிப்பு வேலைகள். பள்ளத்தில் இறங்கியதால் அளவு மாறினால் அது வண்டி செய்தவரின் குற்றமில்லை. குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருவும், வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடையும், தார் விளிம்புக்கும் மண் ஓரத்துக்கும் அரை அடி இறக்கமுள்ள கிராமச் சாலையும் நம் பக்கத்தில் ஏராளம்.

முதலில், எது அலைன்மென்ட் கோளாறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நேரே போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றாலோ, கைவிட்டால் வண்டி ஒரு பக்கமே இழுத்தாலோ சந்தேகிக்கலாம். நம் சாலைகளில் மழைநீர் வடிய இடப்புறம் சரிவு இருப்பதால், லேசாக இடப்பக்கம் போவது இயல்பு. சேலம் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் மட்டும் ஸ்டீயரிங் உதறுகிறதா? அது பேலன்சிங். பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கைப் பாருங்கள். டயரின் இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் தேய்ந்தால்தான் அலைன்மென்ட் பக்கம் வரவேண்டும். சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இதற்கு மெஷின் தேவையில்லை. டயரின் குறுக்கே உள்ளங்கையை ஓட்டுவார்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் திரும்பும்போது ரம்பப் பல் போலவும் தட்டுப்பட்டால் 'டோ' கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

டோ என்பது மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களும் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு. 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர்களில் மொத்தம் 3 மில்லிமீட்டர் பிசகினால், ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்கு இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். கோவையிலிருந்து சேலம் போய்ச் சேருவதற்குள் ஏறக்குறைய 400 மீட்டர் தரையில் உரசுகிறது. டயர் எப்படி நிற்கும்? 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது அளவு பார்ப்பது நல்லது. பள்ளத்தில் பலமாக அடித்தால் அப்போதே பார்க்க வேண்டும். டை ராடு எண்ட், ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கடத்துபவை), லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கை) போன்றவற்றை மாற்றினாலும் அப்படியே.

இனி, மெஷின் தரும் அளவுத் தாள். மெஷின் வேலை தொடங்கும்முன் ஒரு அளவும், முடிந்தபின் ஒரு அளவும் காட்டும். கடைகள் கொடுப்பதானால் பின்னதை மட்டும் கொடுக்கின்றன. உங்களுக்கு வேண்டியது முன்னது. சாதாரணச் சிறிய கார்களில் முன்சக்கரத்தில் திருத்த முடிந்தது பெரும்பாலும் டோ ஒன்றுதான். கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) கேஸ்டரும் (பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) வண்டியின் அமைப்பிலேயே நிலைத்தவை. பின்சக்கர அச்சும் பல மாடல்களில் அப்படியே. ஆகவே கேம்பர் வரம்புக்கு வெளியே சிவப்பில் நின்றால் "செட் பண்ணிட்டோம்" என்ற பேச்சுக்கு இடமில்லை. ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது ரப்பர் புஷ் தேய்ந்துபோயிருக்கிறது. எது என்று கேட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

வாரண்டிப் பேச்சும் இங்கேதான் தொடங்குகிறது. அடிபட்ட தடயம் எங்கும் இல்லை, ரிம்மும் நேராக இருக்கிறது, ஆனால் பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டு) ஆடுகிறது அல்லது ஸ்டீயரிங் ரேக்கில் தளர்வு இருக்கிறது என்றால், அந்தப் பாகத்தை வாரண்டியில் கேட்கலாம். அதை மாற்றினால் அலைன்மென்ட் செய்தே ஆகவேண்டும் என்பதால், அதுவும் அந்த வேலையில் அடக்கம் என்பதே நியாயம். தனி பில் போட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். புது வண்டி டெலிவரியிலேயே ஸ்டீயரிங் கோணலாக இருந்தால், முதல் சர்வீஸ் வரை பொறுக்காமல் அந்த வாரமே சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் (வேலைச் சீட்டில்) எழுதி வையுங்கள். சில கம்பெனிகளின் வாரண்டிப் புத்தகத்தில் இத்தகைய அளவுத் திருத்தங்களுக்குத் தனிக் காலவரம்பு உண்டு.

அளவெல்லாம் பச்சையில் இருந்தும் வண்டி இழுத்தால் முன் இரண்டு டயர்களை இடம் வலம் மாற்றிப் பாருங்கள் (சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் வேண்டாம்). இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில். அதற்கு வாரண்டி தருவது கார் கம்பெனி அல்ல, டயர் கம்பெனி. பள்ளத்தில் விழுந்து லோயர் ஆர்ம் வளைந்தால் அது இன்சூரன்ஸ் கணக்கு. வழக்கமான முழு பாலிசியில் டயர் மட்டும் வெடித்தால் பணம் வராது. வண்டியும் சேர்ந்து சேதமானால்தான் வரும், அதுவும் டயர் விலையில் பாதி வரை.

கடைக்காரர்களிடமும் ஒரு குறை. டயர் காற்றைச் சரிபார்க்காமல், டை ராடை அசைத்துப் பார்க்காமல் மெஷினில் ஏற்றினால் அந்த அளவுக்கு மதிப்பில்லை. சென்சாரை முன்சக்கரங்களில் மட்டும் மாட்டினால் பின் அச்சு கோணியிருப்பது தெரியாது. ஸ்டீயரிங் நேராக நிற்பதற்காக ஸ்டீயரிங் வீலையே கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. ஏர்பேக் உள்ள வண்டியில் அது விபரீதம். இருபுற டை ராடையும் சமமாகத் திருப்பி, லாக் நட்டை இறுக்கி, பெல்லோ (ரேக் முனையின் ரப்பர் உறை) முறுக்காமல் விடுவதே வேலை. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் ஆங்கிள் சென்சார் உள்ள வண்டிகளில் பலவற்றுக்கு ஸ்கேனர் போட்டுப் பூஜ்யம் வைக்கவும் வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாள் இரண்டையும் கேட்காமலே பில்லோடு சேர்த்துக் கொடுத்தால், வாரண்டிச் சண்டையில் பாதி கவுண்டருக்கே வராது.

இப்படிக்கு,
கார் பணிமனைக்காரர் ஒருவர்,
பெருந்துறை