ஆவணிக் கலியாணத்துக்கு முன்

அன்பின் சாந்தி,

நீ அனுப்பின நீளமான கடிதத்தையும் அதோடு வந்த மூன்று அழகுச் சிகிச்சை விலைப்பட்டியல்களையும் பார்த்துவிட்டு இரண்டு நாளாக எனக்கு இதே யோசனைதான். உன் பிள்ளைக்குக் கலியாணம் சரிவந்ததில் எவ்வளவு சந்தோசம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். மூன்று வயதில் உப்புவெளிக் கரையில் என் விரலைப் பிடித்துக்கொண்டு அலைக்குப் பயந்து நின்ற பிள்ளை அவள். ஆவணியில் கோணேசர் கோயிலில் தாலிகட்டு என்று நீ எழுதியதை வாசித்ததும் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சுகம், ஒரு கண் ஒப்பரேசன் முடிந்தது, மற்றக் கண் அடுத்த மாதம்.

சரி, நீ கேட்டதுக்கு வருகிறேன். வயிற்றுக்குக் கொழுப்பை உறையவைக்கிறதா, குழாயால் உறிஞ்சி எடுக்கிற லைப்போசக்‌ஷனா, முகத்துக்கு லேசரா, தோலை உரிக்கிற பீலா, இங்கே வந்து கொழும்பில் செய்தால் காசு குறையுமா என்று கேட்டிருக்கிறாய். எனக்கு நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். போனில் அழுதுகொண்டு சொன்னதில் நீ எவ்வளவு விளங்கியிருப்பாய்? அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் கன்னத்தில் மங்கு, அந்தக் கறுத்த திட்டு, வந்தது சின்னவன் வயிற்றில் இருந்தபோது. பிள்ளை பிறந்தால் போய்விடும் என்றார்கள், போகவில்லை. பத்து வருசம் பவுடரால் மறைத்துத் திரிந்துவிட்டு, போன வருசத்துக்கு முதல் வருசம் கொழும்பில் ஒரு இடத்தில் ஆறு தரம் லேசர் என்று ஒரு பக்கேஜுக்குக் காசு கட்டினேன். வெள்ளைக் கோட் போட்ட ஒரு பிள்ளை என் முகத்தை அரை நிமிசம் பார்த்தாள், அவ்வளவுதான். இது என்ன, எப்போது வந்தது, என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. அவர்கள் லேசர் என்று சொன்னது லேசரே இல்லை, ஐ.பி.எல். என்கிற பளிச்சொளி என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. இரண்டாம் தரம் செய்துவிட்டு இரவு பஸ்சில் ஊருக்கு வந்தேன். ஆனி மாதம், கச்சான் காற்று நெருப்பாய் அடிக்கிற காலம், அடுத்த நாளே ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம். மூன்றாம் நாள் தோல் உரிந்தது, உரிந்த இடமெல்லாம் சதுரம் சதுரமாய்க் கறுத்துப்போனது. "ரீச்சர், முகத்தில என்ன?" என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டபோது நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அதுக்குப் பிறகுதான் நேரம் பதிந்து ஒரு தோல் டொக்டரைப் பார்த்தேன். அவர் அறை விளக்கை அணைத்துவிட்டு ஊதா வெளிச்சம் ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். கர்ப்பத்தடை மாத்திரை குடித்தேனா, அடுப்படியில் எவ்வளவு நேரம், ஸ்கூட்டியில் எத்தனை மைல், அம்மாவுக்கு மங்கு இருந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கிறீம் எழுதும் பேச்சே முதல் பத்து நிமிசத்தில் இல்லை. பிறகு சொன்னார், இது மெலாஸ்மா, இதில் நிறம் உண்டாக்குகிற செல் ஏற்கனவே கோபத்தில் இருக்கிறது, வெயில் மட்டுமில்லை, சூடும் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும்கூட அதைக் கிளப்பும், அந்த இடத்தில் வெளிச்சத்தாலேயே சுட்டால் அது இன்னும் கறுப்பைக் கக்காமல் என்ன செய்யும் என்று.

நம் தோலைப் பற்றி அவர் சொன்ன இன்னொன்றும் மனதில் நின்றுவிட்டது. தோலை வெயிலுக்கு எப்படிச் சிவக்கிறது, எப்படிக் கறுக்கிறது என்று பார்த்து வகை பிரிக்கிற ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் ஒன்று இருக்கிறது, ஹார்வர்டில் இருந்த ஒரு தோல் டொக்டர் 1975ல் உண்டாக்கியது. முதலில் அதில் வெள்ளைத் தோலின் வகைகள் மட்டும்தான் இருந்தனவாம், பழுப்புக்கும் கறுப்புக்குமான 5ம் 6ம் வகைகள் பிறகுதான் சேர்ந்தன. நானும் நீயும் 4க்கும் 5க்கும் இடையில். நம் தோலில் காயமோ சூடோ பட்டால் ஆறும்போது கறுத்துத்தான் ஆறும், கொசு கடித்த இடத்தைப் பார்த்தாலே தெரியும். அதனால் நமக்கு லேசர் தேவை என்றால் 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் போல, மேல்தோலின் நிறத்தில் குறைவாகப் பட்டு ஆழம் போகிறதைத்தான் யோசிக்க வேண்டும், அதையும் குறைந்த சக்தியில். மங்கு என்றால் அதுகூட முதல் வழி இல்லை.

எனக்குத் தந்தது நிறத்தைக் குறைக்கிற ஹைட்ரோகுயினோனும் தோலைப் புதுப்பிக்கிற ட்ரெட்டினோயினும் எரிவை அடக்குகிற மெல்லிய ஸ்டீரொயிட்டும் சேர்ந்த கிறீம், எட்டுக் கிழமை, அதுக்கு மேல் ஒரு நாளும் பூசக்கூடாது என்று கண்டிப்பாய்ச் சொல்லி. அதைவிட முக்கியம் சன்ஸ்கிறீன். வெள்ளையாய் இருக்கிறது இல்லை, இரும்பு ஒக்சைட் சேர்ந்த தோல்நிறச் சன்ஸ்கிறீன், ஏனென்றால் அந்த இரும்புதான் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் மறிக்கும். இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகம் கழுத்தெல்லாம் பூசி, ஹெல்மெட் கண்ணாடியையும் இறக்கிக்கொண்டு போகிறேன். எட்டு மாதத்தில் சதுரங்கள் போய்விட்டன, மங்கும் முக்கால்வாசி குறைந்தது. விட்டால் திரும்ப வரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன் என்றால், நீ அனுப்பின மூன்று பட்டியலிலும் என்ன செய்வோம், எவ்வளவு எடுப்போம் என்று இருக்கிறதே தவிர உன் வயிற்றில் இருப்பது என்ன என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. இரண்டு பிள்ளையும் வெட்டி எடுத்த வயிறு உன்னுடையது. அதில் முன்னுக்குத் தள்ளுவது நான்கில் எதுவாகவும் இருக்கலாம்: தோலுக்குக் கீழே கையால் கிள்ளக்கூடிய கொழுப்பு, உள்ளே குடலைச் சுற்றி இருக்கிற கொழுப்பு, தொய்ந்த தோல், அல்லது நடுவில் விலகிப்போன தசை. ஒன்றுக்குச் செய்கிறது மற்றதுக்கு உதவாது.

இன்றைக்கு இரவே கட்டிலில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் கொஞ்சம் தூக்கி, தொப்புளுக்கு மேலே விரலை வைத்துப் பார். இரண்டு விரலுக்கு மேல் பள்ளமாய் இறங்கினால் தசை விலகியிருக்கலாம். அப்படியென்றால் எத்தனை தரம் உறையவைத்தாலும் மேடு போகாது. அதுக்கு முதலில் பிசியோதெரபி, அதிலும் சரிவராவிட்டால் தையல் போடுகிற சத்திரசிகிச்சை. கிள்ளினால் கையில் நிறைய வருகிறதா, கடினமாய்ப் பானை மாதிரி நிற்கிறதா என்றும் பார். பானை மாதிரி என்றால் அது உள்கொழுப்பு, அதை எந்த மெஷினும் எடுக்காது, எந்தக் குழாயும் எடுக்காது, சாப்பாடும் நடையும் மட்டும்தான்.

உறையவைக்கிற முறை பொய் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஐஸ்பழம் சூப்பிய குழந்தைகளின் கன்னத்தில் கொழுப்புக் கட்டிப்பட்டுப் பிறகு குறைந்ததை டொக்டர்மார் 1970லேயே எழுதிவைத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் பொஸ்ரனில் மான்ஸ்டைன், அன்டர்சன் என்ற இரண்டு டொக்டர்மார் கொழுப்பு தோலைவிடச் சீக்கிரம் குளிரில் சாகும் என்று காட்டினார்கள், 2010ல் அமெரிக்காவில் இடுப்புப் பக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் ஒரு தரத்தில் அந்த இடத்துக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நான்கில் ஒரு பங்குதான் குறையும், அதுவும் கண்ணில் தெரிய இரண்டு மூன்று மாதம் வேண்டும். நீ ஆடியில் வந்து கொழும்பில் செய்தால் ஆவணிக் கலியாணத்துக்கு ஒன்றும் தெரியாது, செய்வதென்றால் இப்போதே நீ இருக்கிற இடத்தில்தான். இன்னொன்று, சிலருக்குக் குறைகிறதுக்குப் பதிலாக அந்த இடம் கட்டியாய் வளர்ந்துவிடும். தானாய்ப் போகாது, பிறகு லைப்போசக்‌ஷன் செய்துதான் எடுக்க வேண்டிவரும். மொடல் லின்டா எவஞ்சலிஸ்டா தனக்கு அப்படி ஆனதை 2021ல் வெளியே சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். அரிதுதான், ஆனால் முதலில் நினைத்த அளவு அரிது இல்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. உன் மூன்று பட்டியலிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

லைப்போசக்‌ஷன் கிள்ளுகிற கொழுப்புக்கு நல்லது, ஒரே நாளில் வேலை முடியும், ஆனால் அது சத்திரசிகிச்சை, அதை மறக்காதே. நீ எழுதியிருக்கிறாய், கொழுப்பை எடுத்தால் இரத்தத்தில் சீனியும் இறங்கும்தானே என்று. இறங்காது. 2004ல் பருமனான 15 பெண்களுக்குச் சராசரியாக 10 கிலோ அளவில் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, சில கிழமை கழித்துச் சோதித்துப் பார்த்தார்கள், இன்சுலின் வேலை செய்கிற விதத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உன் சீனி எல்லையில் நிற்கிறது, அதை இதோடு முடிச்சுப் போடாதே. தோல் தொய்ந்திருந்தால் உள்ளே கொழுப்பை எடுத்த பிறகு அது இன்னும் தொங்கும், அதையும் யோசி.

தொய்ந்த தோலுக்கு வெட்டித் தைப்பதுதான் வழி, இடுப்பெலும்பு தொடங்கி மற்ற இடுப்பெலும்பு வரை தழும்பு. சாந்தி, இங்கேதான் எனக்குப் பயம். பத்தாம் வகுப்பில் நீ இரண்டாம் காது குத்தி, அந்த இடத்தில் கொட்டைப்பாக்கு மாதிரித் தழும்பு வளர்ந்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஊசி போட்டுக் குறைத்தோமே? அது கெலொயிட். நம் நிறத்துக்காரருக்கு அது கூட வரும், ஒரு தரம் வந்தவளுக்கு இன்னும் கூட. பிள்ளை வெட்டின தழும்பு எப்படி ஆறியது என்று பார், தடித்திருக்கிறதா? எந்த டொக்டரிடம் போனாலும் முதலில் காதைக் காட்டு, பிறகு வயிற்றைக் காட்டு.

கொழும்பில் மலிவு என்பது உண்மைதான். ஆனால் வயிற்றில் கத்தி வைத்துவிட்டு இருபது மணித்தியாலம் விமானத்தில் மடங்கி இருப்பது காலில் இரத்தம் கட்டுகிறதுக்கு வழி, சத்திரசிகிச்சைக்குப் பிறகு வயிற்றை இறுக்கிப் போடுகிற உடுப்பைத் திருகோணமலை ஆடி வெயிலில் கிழமைக்கணக்கில் போட்டிருக்கவும் உன்னால் முடியாது. லேசரும் பீலும் செய்துவிட்டு நிலாவெளிக் கடலுக்குக் குளிக்கப் போனால் என் கதைதான் உனக்கும். இங்கே வந்து ஒருவரைப் பார்ப்பதென்றால் அவர் பெயரை மெடிக்கல் கவுன்சில் பதிவில் தேடிப் பார்த்துவிட்டுப் போ, இணையத்திலேயே பார்க்கலாம். தோலை வெள்ளையாக்க நரம்பில் ஏற்றுகிற ட்ரிப் என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடு, அப்படி ஒரு ஊசிக்கு அமெரிக்காவில்கூட அனுமதி இல்லை.

கழுத்து கறுத்திருக்கிறது, அதுக்கும் பீல் செய்யலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். அதை நீ முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். பின்கழுத்தும் அக்குளும் வெல்வெட் மாதிரித் தடித்துக் கறுப்பது பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாய் வேலை செய்யவில்லை என்கிற அடையாளம். உரசினாலும் போகாது, பீல் செய்தாலும் போகாது. மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுகிற எச்.பி.ஏ.வன்.சி. இரத்தச் சோதனை ஒன்று எடு, இந்தக் கிழமையே.

இன்னொரு விசயம், உன் பெறாமகள் விசயம். அக்காவின் சின்னவள் கடையில் ஒரு கிறீம் வாங்கிப் பூசி ஒரு மாதத்தில் பளிச்சென்று வந்தாள், எல்லாரும் வடிவு வடிவு என்றார்கள். டப்பாவை வாங்கிப் பார்த்தேன், செய்த இடம் இல்லை, என்ன சேர்ந்தது என்று இல்லை, நகை படாமல் பூசவும் என்று மட்டும் இருந்தது. ஏன் நகை? பாதரசம் இருந்தால் தங்கத்தைப் பிடிக்கும், அதனால். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா ஒப்பந்தப்படி, அழகு கிறீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் சேர்த்துச் செய்வதும் ஏற்றி இறக்குவதும் 2020க்குப் பிறகு கூடாது என்று முதலில் இருந்தது, 2025க்குப் பிறகு பாதரசம் சேர்ப்பதே கூடாது என்று இறுக்கிவிட்டார்கள், ஆனாலும் கடைகளில் வருகிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும், பூசுகிறவளுக்கு மட்டுமில்லை, பக்கத்தில் படுக்கிற குழந்தைக்கும் போகும். அவளுக்குச் சிறுநீர் சோதனை எடுப்பித்தோம், நல்லவேளை ஒன்றும் இல்லை. கலியாணப் பொம்பிளைக்கும் யாராவது இப்படி ஒன்றைப் பரிசாய்க் கொடுப்பார்கள், வாங்கவிடாதே.

நீ கட்டப்போகிற சேலை அந்த மயில்கழுத்து நிறம்தானே, பிளவுசை இங்கே தைப்போம். மத்திய வீதித் தையல்காரம்மா இன்னும் இருக்கிறா, உன் அளவைப் பார்த்ததும் சொல்லிவிடுவா. வரும்போது எனக்கு அந்த இரும்பு ஒக்சைட் சன்ஸ்கிறீன் மூன்று ரியூப் கொண்டு வா, இங்கே கிடைக்கிறது என் நிறத்துக்கு வெளிறித் தெரிகிறது. விரல் வைத்துப் பார்த்துவிட்டு எத்தனை விரல் இறங்கியது என்று நாளைக்கே எழுது, சோதனை முடிவு வந்ததும் அதையும் அனுப்பு. ஞாயிறு பின்னேரம் நான் வீட்டில்தான் இருப்பேன், எடு, ஆறுதலாய்க் கதைப்போம்.

அன்புடன்,
உன் மாலதி
திருகோணமலை