அந்த 60 சதுர அடியை எங்களிடம் கேட்டுக் கட்டுங்கள்

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஊர் எங்களுடையது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் எங்கள் தெருவிலும் சிலருக்கு வீடு வந்திருக்கிறது: 360 சதுர அடி, 3.5 லட்சம் ரூபாய். அதில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். வீட்டுக்குள் எது எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

போன வருஷம் ஒரு கல்லூரியிலிருந்து கட்டடக்கலை மாணவர்கள் வந்தார்கள். வந்ததும் டேப்பை எடுப்பார்கள் என்று பார்த்தால், சுளவை (முறத்தை) மடியில் வைத்துப் பெண்களோடு உட்கார்ந்துவிட்டார்கள். (ஒரு பையன் சுற்றிய பீடியைப் பார்த்து எங்கள் மதினி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.) அப்புறம்தான் கேட்டார்கள்: நனைத்த இலையை எங்கே வைப்பீர்கள், தூள் எங்கே இருக்கும், பிள்ளை எங்கே தூங்கும்? மூன்றுக்கும் ஒரே அறைதான் பதில். புகையிலைத் தூள் பறக்கிற இடத்திலேயே தொட்டிலும் தொங்கும். வெளிச்சம் போகப் போக, பெண்கள் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டே இருப்பார்கள்.

மாணவர்கள் போட்ட வீட்டுப் படத்தில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. திட்டப்படி 300 சதுர அடிக்குத்தான் கான்கிரீட் கூரை கட்டாயம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போடலாம். அந்த 60-ஐ, பீடி சுற்றுவதற்காக, வடக்குப் பார்த்த ஓட்டுத் தார்சாவாக்கி (தாழ்வாரமாக்கி), அறைக்கும் அதற்கும் நடுவே கதவோடு ஒரு சுவர் வைத்தார்கள். சுவர் எலிப்பொறிக் கட்டு: செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே இடைவெளி விடுவது. குறைந்த செலவு வீடுகளுக்குப் பேர்போன கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டிக்காட்டிய முறை. செங்கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சம், சித்திரை வெக்கையும் உள்ளே அவ்வளவாக இறங்காது. எங்கள் கொத்தனார் முதலில் "இது நிக்குமா?" என்றார். இடுப்பளவு சுவர் ஒன்றை அவர்களோடு எழுப்பிப் பார்த்த பிறகு, சன்ஷேடு நீளம் போதாது என்று அவரே படத்தைத் திருத்தினார்.

ஆனால் பயனாளிகள் போய்க் கேட்டபோது, அரசின் மாதிரிப் படத்தின்படி கட்டினால்தான் அடுத்த தவணைப் பணம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். மாணவர்களுக்கு மதிப்பெண் கிடைத்தது, எங்களுக்குப் படம் மட்டும்தான் மிச்சம்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. கிராம சபையில் பயனாளிகளை முடிவு செய்யும் அன்றே வீட்டுப் படத்தையும் பேச விடுங்கள். மாணவர்கள் வரைந்ததை ஒன்றியப் பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திடட்டும். படிக்கிற பிள்ளைகள் தலையில் முழுப் பொறுப்பையும் கட்டுவது சரியில்லை. அவர்களுக்குப் பயணச் செலவும், சோதனைச் சுவர் எழுப்பும் கொத்தனாருக்குக் கூலியும் மாவட்டமே கொடுக்கட்டும். ஓசியில் நடக்கிற வேலை ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது.

இன்னொன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று மாணவர்கள் வீடு வீடாகக் கேட்டு ஊர்ப் படத்தில் குறித்திருக்கிறார்கள். அடித்தள உயரத்தை முடிவு செய்ய அது போதும். ஒரே வளவில் (காம்பவுண்டில்) எத்தனை குடும்பம் நெருக்கிக்கொண்டு கிடக்கிறது, யாருக்குப் பட்டா இல்லை என்பதும் அதே படத்தில் இருக்கிறது. பட்டா இல்லாதவர்கள் பயனாளிப் பட்டியலுக்கே வர முடியாது என்பதால், வட்டாட்சியரும் அதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

படங்கள் எங்கள் ஊராட்சி அலுவலக பீரோவில் இருக்கின்றன. நவம்பர் 1 கிராம சபைக்கு முன்னால் ஒரு பொறியாளரை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
தெருக்காரர்கள் சார்பாக ஒருவன்