பல்லுப் பிடுங்க முன் அன்டிபயோட்டிக் யாருக்கு?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

“நாளைக்குப் பல்லுப் பிடுங்க வேணும், இண்டைக்கே அன்டிபயோட்டிக் தாங்கோ” என்று கேட்பவர்களில் பெரும்பாலானோருக்கு நாங்கள் கொடுப்பதில்லை. ஒன்றும் கேட்காமல் கதிரையில் வந்து இருக்கும் ஒரு சிலருக்கோ, குளிசை எடுக்காமல் வேலையைத் தொடங்குவதேயில்லை. இது பலருக்குப் புதிராக இருக்கிறது.

முரசுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு சிறு பள்ளம் உண்டு. அங்கே அழுக்குப் படிந்து முரசு வீங்கினால் பள்ளத்தின் உட்தோல் புண்ணாகிவிடும். பல்லை அசைக்கும்போது அந்தப் புண் வழியாகக் கிருமிகள் இரத்தத்தில் ஏறும். வழமையில் உடம்பு அவற்றை ஒரு மணித்தியாலத்துக்குள் அழித்துவிடும். இருதயத்தில் பொருத்திய செயற்கை வால்வு போன்ற இடம் கிடைத்தால்தான் அவை ஒட்டிப்பிடித்துப் பெருகும்.

கிருமிகள் இரத்தத்தில் ஏறப் பல்லுப் பிடுங்கத்தான் வேண்டுமென்றில்லை. 2008இல் அமெரிக்காவில் 290 பேரிடம் செய்து வெளியான ஆய்வில், வால்வைத் தாக்கக்கூடிய கிருமிகள், மருந்தில்லாமல் பல்லுப் பிடுங்கியவர்களில் 60 வீதமானோரின் இரத்தத்தில் தென்பட்டன. அமொக்சிசிலின் என்ற பெனிசிலின் வகை அன்டிபயோட்டிக்கை எடுத்துவிட்டுப் பிடுங்கியவர்களில் 33 வீதம். சும்மா பல்லுத் தீட்டியவர்களிலேயே 23 வீதம். பிடுங்குவது எப்போதாவது, தீட்டுவதோ தினமும். தீட்டும்போது பரவலாக முரசில் இரத்தம் வருபவர்களுக்கு இந்த வாய்ப்பு ஏறத்தாழ 8 மடங்கு என்றும் அதே ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆகவே இரத்தம் வருகுது என்று பிறஷை நிப்பாட்டுவது நேரெதிரான வைத்தியம். ஒழுங்காகத் தீட்டினால் பலருக்கு ஓரிரு கிழமையில் இரத்தம் நின்றுவிடும். நிற்காவிட்டால் உள்ளே காரை இருக்கிறது, அதை நாங்கள் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

குளிசை தேவைப்படுவோர் சிலரே: செயற்கை வால்வு பொருத்தியவர்கள், முன்பு வால்வில் கிருமித் தொற்று வந்தவர்கள், பிறவியிலேயே சில வகை இருதயக் கோளாறு உள்ளவர்கள். பைபாஸ், ஸ்டென்ட் செய்தவர்களுக்கு அதற்காக மட்டும் தேவையில்லை. மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு பழுதானவர்கள் இருதய வைத்தியரிடம் கேட்டு வாருங்கள். மூன்று நான்கு கிழமைக்கொருமுறை பெனிசிலின் ஊசி போடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வாயிலுள்ள கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகியிருக்கலாம் என்பதால் வேறு வகை மருந்து தருவோம்.

பெரியவர்களுக்கு அளவு அமொக்சிசிலின் 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் கப்சூல் நான்கு, ஒரேயடியாக, வேலைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. பிள்ளைகளுக்கு நிறையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம், 2 கிராமுக்கு மேற்படாமல். பிழைகள் இங்கேதான் நடக்கின்றன. பாமசியில் வாங்கி, நாளுக்கு மூன்றாக மூன்று நாள் முன்பிருந்தே போட்டு வருகிறார்கள்; அப்படிப் போட்டால் அந்த மருந்துக்கு அசையாத கிருமிதான் வாயில் மிஞ்சும். வேறு சிலர் வீட்டில் போட்டுவிட்டு பஸ்ஸில் நேரம் போக்கிவிடுவார்கள். இங்கே வந்து எங்கள் முன்னால் விழுங்குவதே நல்லது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் போன்ற மாற்று உண்டு.

எக்ஸ்ரே எடுக்க, பொய்ப்பல்லைச் சரிசெய்ய, தொற்றில்லாத இடத்தில் விறைப்பூசி போட, இவர்களுக்கும் குளிசை வேண்டாம். பிள்ளைக்குப் பால்பல் தானாக விழுந்தாலும் அப்படித்தான்.

உலோக வால்வு உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் தடுக்கும் வோபரின் குளிசையைத் தாமாக நிப்பாட்டி வரக்கூடாது. இரத்தம் கசிந்தால் பஞ்சு வைத்து அமுக்கலாம், தையல் போடலாம். வால்வில் இரத்தம் உறைந்தால் எங்களால் ஒன்றும் செய்ய இயலாது. கிளினிக் கொப்பியையும் முந்தின நாள் எடுத்த ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு பிந்துகிறது என்று காட்டும் சோதனை) முடிவையும் கொண்டுவாருங்கள். 4ஐத் தாண்டியிருந்தால் வேறு நாள் தருவோம்.

வீட்டில்: மென்மையான பிறஷை முரசோரமாக 45 பாகை சரித்து, சின்னச் சின்ன அசைவாக 2 நிமிடம், காலையும் படுக்கமுன்னும். கரியும் உப்பும் பல்லைத் தேய்க்கும், பள்ளத்துக்குள் போகாது. ஈர்க்கால் குத்துவது முரசைக் கிழிக்கும். பல்லிடைப் பிறஷ் பாவியுங்கள். குளோர்ஹெக்சிடின் 0.2 வீதக் கொப்பளிப்பை நாங்கள் எழுதித் தந்தால் 10 மில்லிலீட்டர், ஒரு நிமிடம், பற்பசை பாவித்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகு. பிளேன்ரீ அடிக்கடி குடிப்பவர்களுக்குப் பல்லில் கறை பிடிக்கும், ஆகவே இதை மாதக்கணக்கில் இழுக்க வேண்டாம்.

வால்வுக் கோளாறு உள்ளவர்களுக்குச் சிகிச்சைக்குப் பின்வரும் கிழமைகளில் விட்டுவிட்டுக் காய்ச்சல், இராவியர்வை, களைப்பு வந்தால் தாமாக அன்டிபயோட்டிக் எதுவும் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அன்டிபயோட்டிக் போட்டபின் எடுக்கும் இரத்தத்தில் கிருமி வளராமலே போகலாம். பிறகு எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்று தெரியாமல் திண்டாட வேண்டும். மாரியில் எல்லாக் காய்ச்சலையும் டெங்கு என்றுதான் முதலில் பார்ப்பார்கள். வால்வு விஷயத்தையும் பல்லு வேலை செய்த திகதியையும் நீங்களே முந்திச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பல் சிகிச்சை நிலையத்தார்,
யாழ்ப்பாணம்.