குளியலறைத் திருப்பணி: தீபாவளிக்கு முன் எடுத்த வேலையின் நிறைவு அறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் செயலவையின் வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள முதியோர் இல்லத்தின் குளியலறைகளையும் கழிப்பறைகளையும் நாம் சீரமைத்த கதையும் கணக்கும் இது.

முதலில் தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. "கோயிலுக்குச் செய்தால்தான் திருப்பணி. கக்கூசுக்கும் குளியலறைக்கும் அந்தப் பெயரை வைப்பதா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் புலன (வாட்ஸ்அப்) குழுவில் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். செயலவையிலேயே நான்கு பேர் அவர் கட்சி, ஐந்து பேர் எதிர்க்கட்சி. அதனால் தலைப்பு தப்பித்தது. மாற்ற வேண்டும் என்பவர்கள் ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாம்.

2025 ஆகஸ்டு 10ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூடிய கூட்டத்துக்கு வராதவர்களுக்காக அங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். தீபாவளி அக்டோபர் 20இல் வருகிறது, வழக்கம்போல் முதியோர் இல்லத்துக்கு ஹேம்பர் எனும் பரிசுக்கூடை, தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள குடும்பங்களுக்கு மளிகைச் சாமான், அப்புறம் நமக்கு ஒரு விருந்து என்றுதான் நிகழ்ச்சி நிரல் இருந்தது. பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய கூட்டம். போன வருஷம் நாம் கொடுத்த ஹேம்பர்களில் பாதி, பொங்கல்வரை அந்த இல்லத்தின் சாமான் அறையில் பிரிக்காமலே கிடந்தன என்று துணைச் செயலாளர் எழுந்து சொன்னதும் கூட்டம் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. பிஸ்கட் டின்னும் சாக்லெட்டும் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு எதற்கு என்று அங்கே சமைக்கும் அம்மா அவரிடம் கேட்டாராம். "படம் எடுக்க நல்லா இருந்துச்சு" என்றும் சொன்னாராம். அந்தப் படம் நம் மண்டபத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது.

சரி, அவர்களையே கேட்டுவிடலாம் என்று மறுவாரம் ஆறு பேர் போனோம். புடவை, வேட்டி, விசிறி, ஒரு நல்ல தொலைக்காட்சி, இப்படி ஏதாவது கேட்பார்கள் என்று நினைத்திருந்தோம். ஒரு பாட்டி எங்களை நேராகக் குளியலறைக் கதவுக்கு அழைத்துப்போய், "இதுக்குள்ள போறதுன்னா எனக்குச் சாமி கும்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார். இரண்டு ஆண்டுகளில் அந்த வாசலில் மூன்று பேர் விழுந்திருக்கிறார்கள். ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்து, அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை.

உள்ளே பார்த்தவர்களுக்குக் காரணம் உடனே விளங்கியது. தண்ணீர் வெளியே வராதிருக்க வாசலில் நாலு அங்குல உயரத்தில் ஒரு கட்டை எழுப்பியிருந்தார்கள். நம் வீடுகளிலும் இருக்கிறது, காலைத் தூக்கி வைத்துப் போய்விடுகிறோம். எண்பது வயதுக் கால் அவ்வளவு உயரம் எழும்புவதில்லை. தரையில் வழுவழுப்பான பழைய டைல்ஸ். பிடித்துக்கொள்ளக் குழாயைத் தவிர வேறு ஒன்றும் இல்லை, குழாயோ ஆடுகிறது. எல்லாவற்றையும்விட மோசம், கதவு உள்பக்கமாகத் திறந்தது. உள்ளே ஒருவர் கதவோரம் விழுந்துவிட்டால் வெளியே இருப்பவர் கதவைத் தள்ள முடியாது. தள்ளினால் விழுந்தவர் மேல்தான் இடிக்கும். இடுப்பு முறிந்தவரை அன்றைக்கு அப்படித்தான், கதவைக் கழற்றி எடுத்தார்களாம்.

ஆகவே ஹேம்பர் இல்லை, குளியலறை இரண்டும் கழிப்பறை இரண்டும் பின்வாசல் படியும் என்று முடிவானது. விருந்துக்கு ஒதுக்கிய 6,000 வெள்ளியையும் (மலேசிய ரிங்கிட்) இதிலேயே போட்டோம். விருந்து போனதில் சிலருக்கு வருத்தம் உண்டு, தெரியும். வருத்தப்பட்டவர்களில் இதை எழுதுகிறவனும் ஒருவன்.

அரசாங்கம் ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருடைய மைகார்டு அடையாள அட்டையிலும், அடிப்படைப் பொருள் வாங்க 'சாரா' உதவியாக 100 வெள்ளி போடுகிறதே, பிறகு மளிகைச் சாமானும் எதற்கு என்று கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. அதை அடியோடு நிறுத்த மனம் வரவில்லை. குடும்பங்களின் எண்ணிக்கையை 42ஆகக் குறைத்து, மற்றதை வேலைக்குத் திருப்பினோம். குறைத்தது சரியா என்பதில் செயலவை இன்னும் ஒருமனதாக இல்லை.

வேலை செப்டம்பர் 3ஆம் தேதி தொடங்கியது. இல்லம் இருப்பது ஜார்ஜ்டவுனில், டத்தோ கிராமட் பக்கம் ஒரு பழைய வீட்டில். இங்கே மழை வெளுத்து வாங்குவது செப்டம்பரிலிருந்து நவம்பர்வரை என்பது பினாங்கில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2017 நவம்பர் வெள்ளத்தை யார் மறப்பார்கள்? ஆனாலும் தீபாவளிக்கு ஏழு வாரம் இருக்கும்போது கட்டட வேலையைத் தொடங்கிய புத்திசாலிகள் நாம்தான். ஜூனிலேயே கூடிப் பேசியிருக்க வேண்டும். இந்தத் தவறு முழுக்கச் செயலவையுடையது.

அங்கே இருப்பவர்கள் குளிக்க வேண்டுமே, அதனால் ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததில் கைவைப்பது என்று ஏற்பாடு. முதல் குளியலறையில் பழைய தரையை உடைத்து, வாசல் கட்டையை எடுத்து, வாட்டம் சரிசெய்து, வாசலுக்குக் குறுக்கே நீளமான வடிகால் போட்டோம். கட்டையின் வேலையை இனி அந்த வடிகால் பார்த்துக்கொள்ளும். அதன்மேல் நீர்க்காப்புப் பூச்சு. இங்கேதான் வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளருக்கும் நமக்கும் முட்டிக்கொண்டது. பூச்சு காய்ந்ததும் துளையை அடைத்து, தரை முழுக்கத் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விட்டுப் பார்த்த பிறகுதான் டைல்ஸ் ஒட்டுவது முறை. அவரோ, "நாள் இல்லை சார், நான் பார்த்துக்கிறேன்" என்றார். கட்டுமானத் துறையில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் விடவில்லை. தண்ணீர் கட்டிச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலை தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. தரைத் துளையைச் சுற்றிக் கசிவு. மறுபடி பூசி, காயவிட்டு, மறுபடி தண்ணீர் கட்டி, அதில் ஒரு வாரம் போயிற்று. அந்த வாரம் புலனக் குழுவில் "வேலை ஏன் நகரவில்லை" என்று வந்த செய்திகளுக்கு இதுதான் பதில். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் திரும்ப உடைக்க வேண்டியிருந்திருக்கும்.

அடுத்தது கைப்பிடி. துருப்பிடிக்காத எஃகுக் குழாய்கள் வாங்கிச் சுவரில் மாட்டியாயிற்று. பார்க்க அழகாக இருந்தது. பொருளாளர் சோதிக்கிறேன் என்று பிடித்துச் சாய்ந்தார். நம் பொருளாளரின் உடல்வாகு உங்களுக்குத் தெரியும். கைப்பிடி, திருகாணி, ஒரு சட்டி அளவு காரை, பொருளாளர், நான்கும் ஒன்றாகக் கீழே வந்தன. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல் சுவர். மேல்பூச்சு பல இடங்களில் உள்ளே விட்டுப்போயிருக்கிறது, தட்டினால் பானைபோல் சத்தம் கேட்கும். அதில் சாதாரணத் திருகாணி நிற்காது. பிறகு சுவரை ஊடுருவத் துளைத்து, அந்தப் பக்கம் எஃகுத் தகடு வைத்து, போல்ட்டால் இறுக்கினோம். வெளிச்சுவரில் தகடுகள் தெரியும், அழகு இல்லைதான். ஆனால் இப்போது பொருளாளர் தொங்கினாலும் வராது. தொங்கியும் பார்த்தார்.

கைப்பிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு அங்குலக் கணக்குகள் உண்டு. அவற்றை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்திருக்கும்போது கை தானாக எங்கே போகிறது என்று பார்த்துக் குறித்தோம். இப்படிப் பார்த்தபோதுதான் எங்கள் திட்டத்தில் இன்னொரு ஓட்டை தெரிந்தது. குந்து கழிப்பறை இரண்டையும் எடுத்துவிட்டு உட்காரும் வகை போடுவதாக இருந்தோம். இரண்டு பாட்டிகளும் ஒரு சீனத் தாத்தாவும் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்கள். "உட்கார்ந்தா வராது, தம்பி." இதற்கு என்ன பதில் சொல்வது? ஒன்றை மாற்றினோம். மற்றதை அப்படியே வைத்து, இரண்டு பக்கமும் பிடிமானம் போட்டோம். மாற்றாமல் விட்டதற்கான பீங்கானுக்குக் கொடுத்த முன்பணம் 200 வெள்ளியைக் கடைக்காரர் நல்ல மனதோடு திருப்பிக் கொடுத்தார்.

கதவுகள் எல்லாம் இப்போது வெளிப்பக்கம் திறக்கின்றன. உள்ளே தாழ் போட்டிருந்தாலும் வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருகித் திறக்கலாம். சுடுநீர்க் கருவிகளுக்கு 10 மில்லியாம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு விசை போட்டாயிற்று. முன்பு வீடு முழுமைக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய விசைதான் இருந்தது. வயர்மேன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னதை அறிக்கையில் எழுத முடியாது. பின்வாசலில் ஆறங்குலப் படி, அதன்மேல் இரண்டடிப் பலகை ஒன்றைச் சரித்துச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது சரிவுப் பாதைக் கணக்கு. ஆகவே ஆறடி நீளத்தில் சிமெண்டுச் சரிவு கட்டியிருக்கிறோம்.

தீபாவளிக்கு முன் முடியாமல் போனது சுவர் மட்டும்தான். குளியலறைக்கு வெளியே நடையோரச் சுவரில் முழங்கால் உயரம்வரை பெயின்ட் கொப்பளித்து உதிர்ந்துகொண்டே இருந்தது. வருஷா வருஷம் நாம்தான் கோத்தோங் ரோயோங் கூட்டுப்பணி என்று இருபது பேர் போய், சுரண்டி, பளபளவென்று பூசிவிட்டு, நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அடுத்த மழைக்கு மறுபடி கொப்பளிக்கும். பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அதை வெளியே விட்டுவிடும். யாரோ ஒரு காலத்தில் அதன்மேல் சிமெண்டு பூசி, நாம் அதன்மேல் பெயின்ட் பூசி, ஈரம் போக வழியில்லாமல் அடைத்துவிட்டோம். இந்த முறை சிமெண்டை நாலடி உயரம் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். அது காய வாரக்கணக்கில் ஆகும், மழையில் இன்னும் தாமதம். அக்டோபர் 12இல் இல்லத்தாரிடம் வேலையை ஒப்படைத்த அன்று அந்தச் சுவர் மொட்டையாகத்தான் நின்றது. வந்த விருந்தினர் ஒருவர் "இதையேன் விட்டுட்டீங்க?" என்று கேட்டார். நவம்பர் நடுவில் சுண்ணாம்படித்து முடித்தாயிற்று. இனி யாரும் தயவுசெய்து அதன்மேல் பெயின்ட் அடிக்கப் போக வேண்டாம்.

மளிகைச் சாமான் விநியோகம் அக்டோபர் 11இல் பிறை, பட்டர்வொர்த் அடுக்குமாடிகளில் நடந்தது. தோட்டத்தை விட்டு வந்து இரண்டு தலைமுறையாக அங்கே இருக்கும் குடும்பங்களே பாதிக்கு மேல். மானிய விலைப் பாக்கெட் எண்ணெய் கிலோ 2.50 வெள்ளிதான், ஆனால் ஒருவருக்கு இத்தனை பாக்கெட் என்று கடைகளில் கட்டுப்பாடு. மொத்தமாக வாங்க முடியாமல் போத்தல் எண்ணெய் வாங்கியதில் செலவு கூடிற்று. உள்ளூர் அரிசி 10 கிலோ மூட்டை 26 வெள்ளிக்கே கிடைத்தது. ஓர் அடுக்குமாடியில் மின்தூக்கி பழுது, ஏழாம் மாடிவரை மூட்டையைச் சுமந்த இளைஞர் பிரிவுக்கு நன்றி. படம் எடுக்கவில்லை.

இனிக் கணக்கு. உறுப்பினர் நன்கொடை 18,200 வெள்ளி, விருந்து நிதி 6,000, மண்டபத்தில் வைத்த உண்டியல் 4,250, பெயர் சொல்ல விரும்பாத ஒரு குடும்பம் கொடுத்தது 3,000, ஆக வரவு 31,450 வெள்ளி. குளியலறை, கழிப்பறைகளுக்கு 21,300 வெள்ளி போயிற்று. சரிவுப் பாதைக்கு 2,150, மின்வேலைக்கு 1,900, சுவருக்கு 1,780. குடும்பத்துக்கு 85 வெள்ளி வீதம் மளிகைக்கு 3,570. லோரி வாடகைக்கும் வேலையாட்களின் தேநீருக்கும் 310. செலவு மொத்தம் 31,010, கையிருப்பு 440 வெள்ளி. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வருமான வரிச் சட்டம் பிரிவு 44(6)இன் கீழ் நன்கொடைக்கு வரிவிலக்கு கிடைக்குமா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நம் சங்கத்துக்கு அந்த அனுமதி இல்லை, நாம் தரும் ரசீதை வரிக்கணக்கில் காட்ட முடியாது. விண்ணப்பிப்பதா என்று ஆண்டுக் கூட்டத்தில் பேசுவோம்.

குளியலறைச் செலவில் 1,065 வெள்ளி இன்னும் குத்தகையாளர் கைக்குப் போகவில்லை. மூன்று மாதம் கசிவில்லாமல் இருந்தால் ஜனவரி 12இல் கொடுப்பதாக எழுத்தில் இருக்கிறது.

நன்கொடையாளர் பெயர்களைக் கல்வெட்டில் பொறித்து மாட்ட வேண்டும் என்று ஒரு கோரிக்கை வந்தது. கழிப்பறை வாசலில் யாருடைய பெயரை மாட்டுவது என்று தலைவர் கேட்டதும் கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது.

ஒன்று பாக்கி. மின்கட்டணம் ஏறும் என்று இரவில் யாரும் நடையில் விளக்கைப் போடுவதில்லை, இருட்டிலேயே தடவிக்கொண்டு போகிறார்கள். ஆள் நடந்தால் தானாக எரிந்து தானாக அணையும் சிறு விளக்குகள் எட்டு, கையிருப்புப் பணத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாட்டுகிறோம். நாலு பேர் போதும், ஏணி இருக்கிறது, திருப்புளி உள்ளவர்கள் எடுத்துவாருங்கள். பசியாறல் அங்கேயே.

செயலவைக்காக,
செயலாளர்