‘ஒரே ஊசி’ என்ற தலைப்பும் குடியாத்தத்திலிருந்து வந்த கேள்வியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்களை நோயாளியிடமிருந்தே எடுத்து, அவற்றைக் கொண்டே ரத்தப் புற்றுநோயை அழிக்கும் ‘கார்-டி’ சிகிச்சையைப் பற்றி, ‘ஒரே ஊசியில் ரத்தப் புற்றுநோய் குணம்’ என்ற தலைப்பில் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த செய்தியைப் படித்தேன். செய்தியின் உள்ளே பெரிய பிழை எதுவும் இல்லை. தலைப்பைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

செய்தி வந்த மறுநாள், என்னிடம் மேல்நிலை வகுப்பில் விலங்கியல் படித்த மாணவர் ஒருவர், இப்போது குடியாத்தத்தில் லுங்கி நெசவு செய்பவர், அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு இருப்பது நாள்பட்ட மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய். பல ஆண்டுகளாக இமாட்டினிப் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டு, தறியில் உட்கார்ந்து குடும்பத்தைக் காப்பாற்றி வருகிறார். “ஐயா, இந்த ஊசியைப் போட்டுக்கிட்டா மாத்திரையை நிறுத்திடலாமா?” என்று கேட்டார். கேட்காமலேயே நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

ரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே கட்டுமீறிப் பெருகுவதால், வேலியே பயிரை மேய்ந்த கதைதான் இது; ஆனால் எந்த வேலி மேய்ந்தது என்பதைப் பொறுத்து மருத்துவம் மாறுகிறது. இந்தப் புதிய முறையில், நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களை இயந்திரத்தின் மூலம் பிரித்தெடுத்து, நோய் உண்டாக்கும் திறன் நீக்கப்பட்ட வைரஸின் வழியாக அவற்றுக்குள் ஒரு மரபணுவைச் செலுத்துகிறார்கள். அதன் பயனாக, பி செல்கள் என்னும் மற்றொரு வகை வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் உள்ள சிடி19 என்னும் புரதத்தை அடையாளம் கண்டு தாக்கும் ஆற்றல் அந்த டி செல்களுக்குக் கிடைக்கிறது. ஆகவே இது பி செல்களில் தோன்றும் புற்றுநோய்களுக்கானது. என் மாணவரின் நோய் மைலாய்டு வகை என்பதால், அதற்கு இது உரியதன்று.

‘ஊசி’ என்ற சொல்லும் பொருந்தாது. மாற்றியமைத்த செல்களை ஆய்வகத்தில் பெருக்கி எடுக்கவே வாரக்கணக்கில் ஆகும். அவற்றைத் திரும்பச் செலுத்துவதற்கு முன்பு சில நாட்கள் கீமோ உண்டு. செலுத்திய பிறகு கடுமையான காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் வரக்கூடும் என்பதால் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். 2012இல் பிலடெல்பியாவில் இந்தச் சிகிச்சையை முதன்முதலாகப் பெற்ற குழந்தையான ஆறு வயதுச் சிறுமி, இதே விளைவால் உயிருக்குப் போராடி, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் ஒரு மருந்தால்தான் பிழைத்தாள். நோய் நீங்கிய பிறகும், நல்ல பி செல்களும் சேர்ந்து அழிந்துபோவதால் தொற்று அபாயம் தொடரும்.

இவ்வளவும் சொல்வது இதன் பெருமையைக் குறைப்பதற்காக அல்ல. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய, இதே வகையிலான நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. வேறு சிகிச்சைகளுக்குப் பின்னும் நோய் திரும்பிய, அல்லது அவற்றுக்குக் கட்டுப்படாத 64 பேரிடம் நடத்திய ஆய்வில், மதிப்பிடப்பட்டவர்களில் 73 சதவீதத்தினரிடம் பலன் தெரிந்தது. வேறு வழியில்லாதவர்களிடம் கிடைத்த பலன் என்பதால் இது பெரிய எண்தான். எனினும் பலன் தெரிவது வேறு, முற்றிலும் குணமாவது வேறு. அமெரிக்காவில் 2017இல் இத்தகைய முதல் மருந்துக்கு வைத்த விலை 4,75,000 டாலர். இங்கே 30 முதல் 40 லட்சம் ரூபாய் என்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குத் தருவதோ 5 லட்சம். தலைப்பைப் பார்த்து நிலத்தை விற்கக் கிளம்புகிறவருக்கு இந்த மூன்று எண்களும் முதல் பத்தியிலேயே தெரிய வேண்டாமா?

வேலூர் வாசகர்களுக்கு இத்தகைய விவரங்கள் கடினமாக இருக்கும் என்று தாங்கள் கருத வேண்டியதில்லை. 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்துவரும் ஊர் இது. ரத்தம் எளிதில் உறையாத பரம்பரை நோயான ஹீமோபிலியா உள்ள ஐவருக்கு வைரஸ் வழியாக மரபணுவைச் செலுத்திச் சிகிச்சை அளித்ததும் இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில்தான். தோட்டப்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கி, ஸ்டவ்வில் கஞ்சி காய்ச்சிக்கொண்டே தட்டணு எண்ணிக்கையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் வங்காளத்துக் குடும்பங்களை நான் தினமும் பார்க்கிறேன்.

எந்த வகை நோய்க்கு, எந்த வயதினருக்கு, எந்தெந்தச் சிகிச்சைகளுக்குப் பின்னர், எவ்வளவு செலவில் என்ற விவரங்களோடு, அந்தச் செய்தி வந்த அதே பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்பை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மருத்துவரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்ற வரியை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தோட்டப்பாளையம், வேலூர்.